எல்லாருக்கும் மாமா

என் பெயர் அப்துல் அஜீஸ். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது என் கடை. ரொட்டி, முட்டை, வெங்காயம், பற்பசை, பேட்டரி, மழை பிடித்துக்கொண்டால் குடை. இந்த ஊரில் இந்த மாதிரிக் கடைக்கு எந்த இனத்துக்காரரும் சொல்கிற பெயர் மாமா கடை. கடை மாமா கடை என்றால் உள்ளே நிற்கிறவன் மாமா. அத்தா ஆசையாகப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிய ‘அப்துல் காதர் அண்ட் சன்’ பலகையை யாராவது அண்ணாந்து பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

எண்பதைத் தாண்டிய லிம் ஆன்ட்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து என்னை மாமா என்கிறார். அவருடைய மகனும் மாமா என்கிறார். அந்த மகனுக்குக் கல்லூரிக்குப் போகிற மகன் இருக்கிறான், அவனும் மாமா என்கிறான். மூன்று தலைமுறைக்கும் ஒரே ஆள் எப்படி மாமாவாக முடியும் என்று ஒருவரும் யோசித்ததில்லை. ஒருநாள் எரிச்சலில் லிம் ஆன்ட்டியிடம் என் பெயர் அஜீஸ் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “ஓகே லா, மாமா அஜீஸ்” என்றார். அத்துடன் விட்டுவிட்டேன்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ரத்த உறவில் நான் யாருக்கும் மாமா இல்லை. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நான் ஒரே பிள்ளை. கூடப் பிறந்த அக்கா தங்கச்சி கிடையாது. அக்கா தங்கச்சி இல்லாதவனுக்கு மருமகன் மருமகள் எங்கிருந்து வருவார்கள்? என் மனைவி ஹலீமாவுக்கு நான்கு அண்ணன்மார். எங்கள் மகள் அமீராவைச் சின்ன வயதில் அவர்கள் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு அலைந்ததைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், வயிறு எரியவும் செய்யும். காலை முதல் இரவு வரை மாமா மாமா என்று கூப்பிடப்படுகிற ஒரு மனிதன் வீட்டுக்குப் போனால் அந்தப் பதவி அவனுக்கு இல்லை. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

ஆறாவது மாடியில் இருக்கிற அழகப்பன் அண்ணனுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம், ஆனால் அவரிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் பத்து நாளைக்குத் திருப்பித் தர மாட்டார். பேருந்து முனையத்தில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய முழுநேர வேலை சொற்களை நிறுத்தி வைத்து எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய், எத்தனை நாள் தங்குவாய் என்று கேட்பது, குடிநுழைவு அதிகாரி மாதிரி. மலாய்க்காரர்கள் சொல்கிற ‘கெடாய்’ நம்முடைய கடை, ‘கப்பால்’ நம்முடைய கப்பல், மணமக்களை அவர்கள் ‘மெம்பெலாய்’ என்பது நம்முடைய மாப்பிள்ளை என்று ஒவ்வொரு சாயங்காலமும் பால் சேர்க்காத கோப்பி-ஓ பொட்டலத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு என் கடை வாசலில் வந்து நிற்பார். அந்த நேரத்தில் முட்டை வாங்க வந்தவர்கள் பாவம்.

மாமாவும் நம்முடைய சொத்துதான் என்பது அவருடைய கட்சி. பழைய தமிழில் அம்மான் என்றால் அம்மாவின் உடன்பிறந்தவன், அம்மாவும் அம்மானும் ஒரு வீட்டுச் சொற்கள் என்று ஆரம்பிப்பார். அவருடைய மருமகன் ஜெய் கணினித் துறையில் இருக்கிறவர், மாமனாரைச் சீண்டுவதில் தனிச் சுகம் காண்பவர். சமஸ்கிருதத்திலும் அதே சொல் அதே அர்த்தத்தில் இருக்கிறதே என்று கைப்பேசியை நீட்டுவார். அன்றைக்குக் கோப்பி ஆறிப்போகும்.

நானும் சும்மா இருக்கவில்லை. கடையில் நிற்கிறவனுக்கு எல்லா நாட்டு ஆளும் வருகிறார்களே. லிம் ஆன்ட்டியைக் கேட்டேன். சீனத்தில் மாமா என்றால் அம்மா என்றார். அப்படியானால் என்னை ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்றதற்கு, அது வேறு ராகம், இது வேறு ராகம் என்று இரண்டையும் பாடிக் காட்டினார். எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிற வங்காளதேசத் தம்பிகள், தங்கள் மொழியிலும் அம்மாவின் அண்ணன் தம்பிதான் மாமா, அதோடு டீக்கடைக்காரரையும் ரிக்‌ஷாக்காரரையும்கூட அப்படித்தான் கூப்பிடுவோம் என்றார்கள். பிழைக்க வந்த இடத்திலும் அவர்களுக்கு நான் சொந்த ஊர் மாமாவாகத்தான் இருந்திருக்கிறேன். பத்தாவது மாடி வீட்டுப் பணிப்பெண் பிலிப்பீன்ஸ்காரி, எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஆம்பிளையை மாமா என்போம் என்றாள். மலாய்க்காரர்கள் தமிழ் முஸ்லிம்களான எங்கள் ஆட்களைப் பொதுவாகவே மாமாக் என்பார்கள், அது தெரிந்த கதை. சென்னையில் மாமா என்ற சொல்லுக்கு இன்னும் இரண்டு மூன்று வேலை உண்டு. ஒன்று போலீஸ்காரர். மற்றதை ஹலீமா வாசிப்பாள் என்பதால் எழுதவில்லை.

இதையெல்லாம் அழகப்பன் அண்ணன் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது ஒரு கப்பல் பொறியாளரால். குடிதண்ணீர் வாங்க வந்த வெள்ளைக்காரர், ஜார்ஜியா நாட்டுக்காரராம். பக்கத்தில் யாரோ என்னை மாமா என்று கூப்பிட்டதைக் கேட்டு, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அசந்துபோய் விசாரித்தார். அவர்கள் மொழியில் மாமா என்றால் அப்பாவாம். அம்மாவுக்கு ‘தெதா’ என்று வேறு சொல்லாம். அழகப்பன் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு நேரே மாடிக்குப் போனார். மறுநாள் முகம் வீங்கியிருந்தது, தூங்கவில்லை.

அமீரா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கிறாள். அவள்தான் ஒருவழியாகச் சமாதானம் செய்து வைத்தாள். குழந்தை உதட்டை மூடித் திறந்தால் முதலில் வருகிற சத்தம் அது, எந்த நாட்டுக் குழந்தையாக இருந்தாலும். அது யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள்தான் ஆளாளுக்கு என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்றாள். அழகப்பன் அண்ணன் நல்ல விளக்கம் என்று பாராட்டினார், ஆனாலும் முதலில் எடுத்துக்கொண்டது தமிழன்தான் என்று முடித்தார்.

இனி அனுப்ரியாவுக்கு வருகிறேன். அழகப்பன் அண்ணனின் ஒரே மகள் ரக்ஷனா, அவளுக்கும் ஜெய்க்கும் ஒரே மகள் அனுப்ரியா. ஐந்து வயதாகப் போகிறது. பாலர் பள்ளிப் பேருந்து அவளைப் பிற்பகலில் என் கடை வாசலில்தான் இறக்கிவிடும். அந்த நேரம் தாத்தாவுக்குத் தூக்கம், அம்மாவும் அப்பாவும் அலுவலகம். ரக்ஷனா வேலை முடிந்து வரும்வரை பிள்ளை ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கடையை நடத்துவாள். யார் என்ன வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும். சண்டை வந்தால் எனக்காகப் பரிந்து பேசுவாள். அவளும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள், ஊரே கூப்பிடுகிற அதே சொல்தான். ஆனால் அவள் கூப்பிட்டால் நான் கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்புவேன். மற்றவர்களுக்கு அப்படித் திரும்புவதில்லை.

அவளுக்குக் காது குத்த வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த நேரம் கொரோனா, அதில் ஒத்திப்போட்டது. பிறகும் தட்டிப்போனதற்கு வேறு காரணம். அவர்கள் வழக்கப்படி பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ரக்ஷனாவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. யார் மடி என்பதிலேயே வருடங்கள் போய்விட்டன. கடைசியில் அழகப்பன் அண்ணன் உட்லண்ட்ஸில் இருக்கிற தன் தம்பி மகன் சேதுபதியை முடிவு செய்தார். ரக்ஷனாவுக்கு அவன் சித்தப்பா மகன், அதனால் முறை சரி. வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்குப் பார்க்கிற முகம் என்பது மட்டும்தான் குறை.

அதைக் கடை வாசலில் வைத்துத்தான் சொன்னார். ரக்ஷனா ஏதோ சொல்ல வந்து என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “பாய், தப்பா நினைக்காதீங்க. கடை மாமா வேற, தாய்மாமன் வேற. சொல் ஒண்ணா இருக்கலாம், பொருள் ஒண்ணு இல்ல” என்றார். அவர் மனதில் துளி வஞ்சகம் கிடையாது, சொல் ஆராய்ச்சியில் ஒரு முடிவைச் சொன்னார், அவ்வளவுதான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வந்த ஆள் வெங்காயம் கேட்டதற்கு உருளைக்கிழங்கை நிறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது ஹலீமா என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சொன்னேன். எனக்கு அந்த மடியில் ஆசை இருந்தது, அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது என்றும் சொன்னேன். அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, ஆசைப்பட்டதில் தப்பில்லை மச்சான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள், அதுதான் தப்பு என்றாள்.

போனேன். நல்ல முகத்தோடுதான் போனேன். முந்தின நாள் அழகப்பன் அண்ணனும் நானும் தேக்கா சந்தைக்குப் போய் வாழை இலை, பூ, வெற்றிலை எல்லாம் வாங்கினோம். சரக்கெடுக்க நான் எப்படியும் போகிற இடம். சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை ஆசாரியைப் பார்த்து அண்ணன் நேரத்தை உறுதி செய்தார். வழியெல்லாம் எதிரில் வந்தவர்களில் பாதிப்பேர் யாரையாவது மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றுக்கும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறாவது மாடி வீடு நிறைந்திருந்தது. நான் சமையலறையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். சேதுபதியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தங்கமான பிள்ளை. தட்டுத் தட்டாகச் சீர், பட்டுப் பாவாடை, சின்னத் தோடு என்று வழக்கத்தில் ஒன்றையும் விடாமல் கொண்டு வந்திருந்தான். கூடத்தில் பாயை விரித்து, கிழக்குப் பார்த்து உட்கார்ந்தான். அனுப்ரியாவைத் தூக்கி மடியில் வைத்தார்கள். அதுவரை பாவாடையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த பிள்ளை ஆசாரியின் கையில் ஊசியைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தம் கீழே கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

சேதுபதி பிடித்துப் பார்த்தான், நழுவினாள். மறுபடி தூக்கி வைத்தார்கள், அவன் கையைக் கடித்தாள். ஜெய் ஒரு பக்கம், தாத்தா ஒரு பக்கம் கெஞ்சினார்கள். ஆசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பூன் லேயில் இன்னொரு வீட்டில் காது குத்து இருந்தது. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அழகப்பன் அண்ணன் வாழ்நாளெல்லாம் பேருந்துகளை நேரத்துக்கு அனுப்பியவர், அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

பிள்ளை எல்லார் காலுக்கும் இடையில் புகுந்து சமையலறைக்கு ஓடி வந்தாள். நான் தரையில் சம்மணம் போட்டு இலை நறுக்கிக்கொண்டிருந்தேனா, கத்தியை அந்தப் பக்கம் தள்ளுவதற்குள் மடியில் ஏறி உட்கார்ந்து என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த கூட்டம் வாசலில் நின்றது. எனக்குத் தர்மசங்கடம். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று எழப் பார்த்தேன்.

சேதுபதி கடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டே, “பெரியப்பா, பிள்ளை உட்கார்ந்திருச்சு. அப்புறம் என்ன?” என்றான்.

முறை, வழக்கம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அழகப்பன் அண்ணன் முகத்தில் ஓடியது தெரிந்தது. அப்போது ரக்ஷனா என் பக்கத்தில் வந்து குனிந்தாள். “அஜீஸ் அண்ணே, பிள்ளையை இறக்காதீங்க. பிள்ளையோட அப்படியே கூடத்துக்கு வாங்க. நீங்க பிடிச்சா இருப்பா.”

அண்ணே என்று அவள் கூப்பிட்டது புதிதில்லை. அவள் பள்ளிச் சீருடையில் கடைக்கு வந்த காலத்தில் கல்லாவில் அத்தா இருந்தார். அப்போது மாமா என்றால் அவர்தான். நான் மூட்டை இறக்குகிற ஆள், அதனால் அண்ணன். அத்தா மௌத்தாகி நான் கல்லாவுக்கு வந்த பிறகு ஊர் அந்த மாமாவை என் தலையில் வைத்தது. ரக்ஷனா மட்டும் மாற்றவில்லை. தினமும் அழகப்பன் அண்ணன் காதுபடத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். சொல் சொல்லாகப் பூர்வீகம் விசாரிக்கிற மனிதர் தன் மகளுடைய வாயிலிருந்து வந்ததை ஒருநாளும் விசாரிக்கவில்லை. இப்போது விசாரித்தார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எம்பொண்ணுக்கு அண்ணன்னா, பேத்திக்கு என்ன வேணும்?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். யாரும் வாய் திறப்பதற்குள் அவரே கூடத்துக்குப் போய்ப் பாயை இழுத்துச் சரி செய்து, “உட்காருங்க பாய்” என்றார். பிள்ளையோடு போய் உட்கார்ந்தேன். பூஜைத் தட்டுப் பக்கம் என் கை போக வேண்டிய தேவையே வரவில்லை, பிள்ளையைப் பிடிக்கத்தான் இரண்டு கையும் தேவைப்பட்டது. எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் கை மிச்சமில்லை.

மகிழ்ச்சியாக இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அடுத்து நடந்ததுதான் என்னைப் படுத்தி எடுத்தது. ஆசாரி கண்ணைக் காட்டினார். பிள்ளை மெதுவாக என்னிடம், வலிக்குமா மாமா என்று கேட்டாள். நான் வலிக்காது என்றேன். என்மேல் சாய்ந்து உடம்பைத் தளர்த்தினாள். அந்த நொடியில் நான் அவள் இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். ஒரு காது, அவள் கத்துவதற்குள் மறு காது. எல்லாரும் கைதட்டினார்கள். சேதுபதி கொண்டுவந்த தோடு பளிச்சென்று ஏறியது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது.

“நீங்க மாமா இல்ல” என்றாள். மடியை விட்டு இறங்கி சேதுபதியிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்த பதவி, கிடைத்த சூட்டோடு போய்விட்டது. பொய் சொன்னேன், அதுதான் உண்மை. நல்லதுக்குச் சொன்ன பொய் என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் எப்படி விளக்குவது?

மறுநாள் பள்ளிப் பேருந்து வந்தது. இறங்கினாள், முக்காலியை எடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மைலோ கொடுத்தேன், வேண்டாம். ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து காட்டினேன், மூடச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள். வாடிக்கையாளர்கள் யாரென்றுகூட அவள் விசாரிக்கவில்லை. லிம் ஆன்ட்டி காதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றதற்கு நன்றி சொன்னவள், இந்த மாமாவா பிடித்துக்கொண்டார் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு அடுத்த நாளும் இதே கதைதான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்வது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அழகப்பன் அண்ணன் வந்து புதிதாக ஒரு சொல்லின் கதையை ஆரம்பித்தார். எனக்குக் காதில் ஏறவில்லை.

வாரம் முடிகிற மட்டும் பார்த்தேன். பிறகு, பிள்ளை மனசு நோக நம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. ரக்ஷனா வரும்வரை பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கட்டுமா என்று லிம் ஆன்ட்டியிடம் கேட்டேன். அவருக்கும் பேச்சுத்துணை இல்லை, தாராளமாக வரட்டும் என்றார். ரக்ஷனாவிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் இரண்டு பேர் விஷயம், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணே என்று சிரித்தாள்.

அன்றைக்குப் பேருந்து வந்தது. வழக்கம்போல முக்காலி, வழக்கம்போல முதுகு. நான் கல்லாவை விட்டு இறங்கி அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வலிக்காது என்று சொன்னது பொய்தான், எனக்குத் தெரிந்தே சொன்னேன், மன்னித்துக்கொள் என்றேன். மாமா மேல் கோபமாக இருக்கும்போது மாமா கடையிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இரண்டாவது மாடியில் லிம் ஆன்ட்டி வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, அம்மா வரும்வரை அங்கே இருக்கிறாயா என்று கேட்டேன்.

அவள் திரும்பினாள். முட்டாள்தனமான கேள்வி கேட்ட ஆளைப் பார்க்கிற பார்வை.

“உங்க மேலதானே கோவம். அங்க போய் யார் மேல கோவப்படுறது?” என்றாள். மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் எழுந்து கல்லாவுக்கு வந்தேன். என்மேல் கோபப்பட்டவர்கள் பலர் உண்டு, முட்டை உடைந்திருந்தது, பால் பழசு, மீதிச் சில்லறை குறைந்தது என்று. அவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள், அடுத்த புளோக்குக் கடைக்குப் போய்விட்டார்கள். கோபித்துக்கொண்டு இங்கேயே வந்து உட்கார என்னிடம் யாருக்கும் உரிமை இருந்ததில்லை.

அம்மா வரும்வரை அவள் நிம்மதியாக என்மேல் கோபமாக இருந்தாள். கடைக்கு வந்தவர்களைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.